தானமாக வந்த சைக்கிளைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். மாட்டுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் கடல் தாண்டி தானமாகப் போகும் பழைய சைக்கிளைக் கட்டாயம் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும். பல்சக்கரத்தையும் சேர்த்துத்தான்!

அமெரிக்கா, பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் பிள்ளைகள் வளர்ந்ததும் சைக்கிள்கள் கார் ஷெட்டுக்குள் முடங்கிவிடுகின்றன. அவற்றைச் சேகரித்து ஆப்பிரிக்காவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் கப்பலில் அனுப்பும் அமைப்புகள் பல உண்டு. 1984-ல் 'பைக்ஸ் நாட் பாம்ஸ்' என்ற அமெரிக்க அமைப்பு நிகரகுவாவுக்கு சைக்கிள் அனுப்பத் தொடங்கியது. அப்போது அமெரிக்க அரசு அந்த நாட்டின் கலகப் படைகளுக்கு உதவி செய்துகொண்டிருந்தது. குண்டு வேண்டாம், சைக்கிள் கொடுப்போம் என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம். 1991-ல் நியூஜெர்சியில் 'பெடல்ஸ் ஃபார் ப்ராக்ரஸ்', 1997-ல் பிரிட்டனில் 'ரீ-சைக்கிள்' என்று இந்த வரிசை நீண்டது. ஹேண்டில்பாரைத் திருப்பி, பெடலைக் கழற்றி அடுக்கினால் 40 அடி கண்டெய்னர் ஒன்றில் 400 சைக்கிளுக்கு மேல் போகும்.

நல்ல காரியம்தான், சந்தேகமில்லை. பல மைல் நடந்து பள்ளிக்குப் போகும் பெண்ணுக்கும், நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் சுகாதாரத் தொண்டருக்கும் ஒரு சைக்கிள் என்பது பாதி நாள் மிச்சம்.

ஆனால் சைக்கிள் போய்ச் சேர்ந்த ஆறாவது மாதம் என்ன ஆகிறது? அங்கேதான் சிக்கல். ஆப்பிரிக்கக் கிராமங்கள் பலவற்றில் ஓடுவது இந்தியாவிலும் சீனாவிலும் செய்த, கியர் இல்லாத, கனமான இரும்பு சைக்கிள். அதற்குத்தான் கடையில் டயரும் செயினும் கிடைக்கும். 21 கியர் வைத்த மலையேற்ற சைக்கிளின் கியர் வளைந்தால் மாற்று கிடைக்காது. இரும்புச் சட்டம் உடைந்தால் ஊர்ப் பட்டறையில் பற்றவைத்துவிடலாம், அலுமினியச் சட்டத்துக்கு அது நடக்காது. பிறகென்ன, ஒரு நாட்டு கார் ஷெட்டில் கிடந்த சைக்கிள் இன்னொரு நாட்டு வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடக்கும். குப்பை இடம் மாறியதற்குப் பெயர் தானமா?

இதைப் புரிந்துகொண்டு நடந்த முயற்சிகளும் உண்டு. 2005-ல் தொடங்கிய 'பென் நமீபியா' அமைப்பு சைக்கிள்களை இறக்கியதோடு நிற்கவில்லை. அவை வந்த கண்டெய்னரையே பழுதுபார்க்கும் கடையாக மாற்றி, உள்ளூர்க்காரர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, கடையை அவர்கள் கையிலேயே ஒப்படைத்தது. அங்கே சைக்கிள் இலவசமில்லை, குறைந்த விலைக்கு விற்கப்பட்டது. அந்தப் பணத்தில்தான் கடை நடக்க வேண்டும்.

"ஏழைகளிடம் காசு வாங்குவதா?" என்று கோபம் வரலாம். யோசித்துப் பாருங்கள். இலவசமாகக் கொட்டினால் முதலில் அடிவாங்குவது அந்த ஊரில் சைக்கிள் விற்றும் பஞ்சர் ஒட்டியும் பிழைப்பவர்தான். அவர் கடையை மூடிவிட்டால் நாளைக்கு ரிப்பேர் பார்ப்பது யார்?

பழையதே வேண்டாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் 20,000-க்கும் அதிகமான சைக்கிள்களைக் கொடுத்துத் தொடங்கிய 'வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப்' பிறகு ஆப்பிரிக்கச் சாலைகளுக்கென்றே 'பஃபலோ' என்ற முரட்டு சைக்கிளை வடிவமைத்தது. கூடவே மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி, உதிரிபாகம் எல்லாம். ஜாம்பியாவில் இந்த சைக்கிள் கிடைத்த மாணவிகளை ஆராய்ந்தபோது, பள்ளிக்குப் போகும் நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பள்ளிக்கு வராத நாட்களும் கால்வாசிக்கு மேல் குறைந்தன. இங்கே பலன் தந்தது சைக்கிள் மட்டுமல்ல, அதை ஓடவைத்த ஏற்பாடும்தான்.

அதற்காகப் பழைய சைக்கிளே கூடாது என்று சொல்லிவிட முடியாது. எதைக் கொடுக்கிறோம், எப்படிக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. இரும்புச் சட்டம், குறைந்த கியர், அங்கே கிடைக்கும் டயர் அளவு என்று பார்த்துக் கொடுக்கலாம். ஸ்பேனர், காற்றடிக்கும் பம்ப், ட்யூப், பிரேக் கட்டை, செயின் இவையெல்லாம் சைக்கிளைவிடப் பெரிய உதவி. அடிபட்ட ஹெல்மெட்டை மட்டும் அனுப்பவே கூடாது. உள்ளே இருக்கும் நுரை ஒரு மோதலைத்தான் தாங்கும், அடுத்த முறை தலையைக் காப்பாற்றாது. கப்பல் செலவுக்கும் கொஞ்சம் பணம் கொடுக்க வேண்டும். 'பெடல்ஸ் ஃபார் ப்ராக்ரஸ்' சைக்கிளோடு சேர்த்து அதையும் கேட்டு வாங்கியது. அது நியாயம்தான்.

வீட்டில் இடம் காலியாக வேண்டும் என்பது கொடுப்பவரின் தேவை. சக்கரம் சுற்ற வேண்டும் என்பது வாங்குபவரின் தேவை. முதல் தேவைக்காக மட்டும் கொடுத்துவிட்டு அதற்கு தர்மம் என்று பெயர் வைக்கக்கூடாது. எத்தனை சைக்கிள் அனுப்பினோம் என்று கணக்குக் காட்டும் அமைப்புகளிடம், அதில் எத்தனை இன்னும் ஓடுகிறது என்றும் கேட்க வேண்டும். கேட்பீர்களா?