நிழலுக்கு அஞ்சிய குதிரை



பெற்றோர் சந்திப்பு நாளில் ஒரு தந்தை என்னிடம், "அடியாத மாடு படியாது, ஐயா. கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடியுங்கள்" என்றார். மூன்றாம் ஆண்டில் பயிலும் அவருடைய மகன் வாய்விட்டு வாசிக்க மறுப்பவன். அப்பழமொழியை நானும் பல்லாண்டுகள் நம்பியவன்தான். மாட்டைப் பற்றி அறியேன். குதிரையைப் பொறுத்தவரை அது பிழை என்று பண்டைய கிரேக்கர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

சாக்ரடீசின் மாணவரும் குதிரைகளோடு நெடுங்காலம் பழகியவருமான செனபோன், கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் குறித்துத் தனி நூலே இயற்றினார். அங்கவடி இல்லாத காலம் அது. தொடைகளின் பிடியை மட்டும் நம்பிப் போருக்குச் செல்பவனுக்குக் குதிரையின் இணக்கம் உயிர்ப் பிரச்சினை. சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்கிறார் அவர். ஒரு பொருளைக் கண்டு மிரளும் குதிரையை அடித்தால் அச்சம் மிகுமே தவிரக் குறையாது; தனக்கு ஏற்பட்ட வலிக்கு அப்பொருளே காரணம் என்று அது எண்ணிக்கொள்ளுமாம். இவ்வரிகளைப் படித்த அன்று நான் நெடுநேரம் புத்தகத்தை மூடவில்லை.

செனபோனை அருளாளர் என்று கருதிவிட வேண்டா. முள் பதித்த கடிவாளமும் அவருடைய நூலில் உண்டு. அன்றைய கிரேக்கத்தில் ஏர் இழுத்தது எருது. சுமை தூக்கியவை கழுதையும் கோவேறு கழுதையும். அவற்றின் முதுகில் விழுந்த அடிகளுக்காக எவரும் நூல் எழுதியதாகத் தெரியவில்லை. குதிரையோ செல்வர்களின் பெருமை. அரிஸ்டோபனீசின் 'மேகங்கள்' நாடகத்தில் மகனின் குதிரை மோகத்தால் தந்தை கடனில் மூழ்குகிறார். மோட்டார் சைக்கிள் கேட்டு அடம்பிடிக்கும் மகனைப் பெற்றவர்களுக்கு அத்துன்பம் விளங்கும்.

அலெக்சாண்டர் புசெபலசை அடக்கிய கதையை வகுப்பில் கூறி, கரும்பலகையில் 'வீரம்' என்று எழுதுகிறோம். புளூட்டார்க் தரும் செய்தியைச் சற்று நிதானமாகப் படியுங்கள். 13 தாலந்து விலை கூறப்பட்ட அக்குதிரை எவரையும் ஏறவிடவில்லை. மன்னர் பிலிப் வேண்டாவென்று திருப்பியனுப்பச் சொன்னார். அது தன் நிழல் அசைவதைக் கண்டே மிரள்கிறது என்பதைச் சிறுவன் அலெக்சாண்டர் கவனித்தான். அதனைக் கதிரவனை நோக்கித் திருப்பினான், தடவிக் கொடுத்தான், பிறகே ஏறினான். அங்கிருந்த பெரியவர்கள் அனைவரும் பார்த்தது குதிரையின் முரட்டுத்தனத்தை மட்டுமே.

நானும் அப்பெரியவர்களுள் ஒருவனாகத்தான் இருந்தேன். அம்மாணவன் திணறும்போதெல்லாம் அடிக்கோலால் மேசையைத் தட்டினேன், குரலை உயர்த்தினேன். அவன் நா மேலும் கட்டுண்டது. பின்னர் ஒருநாள் ஓய்வு நேரத்தில் தனியே வாசிக்கச் சொன்னபோது ஒரு பக்கம் முழுவதும் வாசித்தான். அவன் அஞ்சியது எழுத்துகளுக்கு அன்று. பின்வரிசையில் எழும் சிரிப்புக்கு. சில வாரங்கள் இருவர் மூவராகச் சேர்ந்து வாசிக்க வைத்தேன். ஆண்டிறுதியில் தனியே எழுந்து நின்று வாசித்தான். திணறல் முற்றாக நீங்கிவிடவில்லை.

அடுத்த சந்திப்பில் அத்தந்தையிடம் செனபோனைப் பற்றிக் கூறினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குதிரைக்கு அது சரி, ஐயா" என்றார்.