மெனுவுக்குள் தொலைந்த போட்டோ

மேல்பட்டாம்பாக்கத்தில் அத்தை பொண்ணு டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்தோடு தவித்துக்கொண்டிருந்தாள். போட்டோ 20 முதல் 50 கே.பி.க்குள் இருக்கணும், அவளுடையது 3 எம்.பி.! கடைசி நாள் வேறு. இலவச மென்பொருளான 'கிம்ப்'பைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் மெனு. 'சேவ்' கொடுத்தால் எக்ஸ்.சி.எஃப். ஃபைல்தான் வந்தது, ஜேபெக் வரவில்லை.

வழி இதுதான் மக்களே! 'இமேஜ்' மெனுவில் 'ஸ்கேல் இமேஜ்' போய் அளவைக் குறையுங்கள். பிறகு 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கொடுத்து ஜேபெக்காக மாற்றுங்கள். அப்போது வரும் 'குவாலிட்டி'யைக் குறைத்தால் கே.பி. இறங்கும். 'ப்ரிவியூ'வில் டிக் போட்டால் எத்தனை கே.பி. என்றும் காட்டும்.

எது எந்த மெனுவில் என்று தெரியவில்லையா? கீபோர்டில் / அழுத்தி, பெயரை டைப் செய்யுங்கள். அதுவே தேடித் தரும்.

இரவு 11 மணிக்கு 42 கே.பி. போட்டோ அப்லோடு ஆனது. அத்தை அதற்குப் பிறகுதான் சாப்பிட்டார்!