காவிரிக்கரையை விட்டு நகராத சரித்திரக் கதை

தமிழில் சரித்திர நாவல் எழுத உட்காரும் புதியவருக்கு முதல் பக்கத்திலேயே ஒரு குதிரை தேவைப்படுகிறது. குதிரை மேல் ஓர் இளைஞன், எதிரே ததும்பும் ஏரி, சற்றுத் தொலைவில் ஒரு மாளிகை, மாளிகைக்குள் ஒரு சதி. 1950இல் கல்கி வந்தியத்தேவனை வீரநாராயண ஏரிக்கரையில் கொண்டுவந்து நிறுத்தியதிலிருந்து அந்தக் குதிரைக்கு ஓய்வே இல்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். எந்தப் புத்தகக் கண்காட்சிக்குப் போனாலும் 'பொன்னியின் செல்வன்' விதவிதமான அட்டைகளில் அடுக்கிக் கிடக்கிறது. 2022, 2023இல் வந்த திரைப்படங்களுக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். பதிப்பாளர் பலமோ பத்திரிகைத் தொடரோ இல்லாமல் கைக்காசைப் போட்டு நாவல் அச்சிடுபவர், அந்த ஐந்து பாகங்களுக்குப் பக்கத்தில்தான் தன் புத்தகத்தை வைத்து விற்றாக வேண்டும். விற்கிற சரக்கையே தானும் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. அதனால்தான் தஞ்சாவூருக்கு ஒரு முறைகூடப் போகாதவர்களும் சோழ இளவரசியின் அந்தப்புரத்தை வர்ணித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருந்துகொண்டு இப்படிச் செய்வதுதான் பொறுக்க முடியாதது. காலடியில் கிடக்கும் கதையைத் தாண்டிக் குதித்துக் காவிரிக்கரைக்கு ஓட வேண்டிய அவசியம் என்ன?

போசளர்களை எடுத்துக்கொள்வோம். ஹளேபீடும் பேலூரும் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகின்றன. அந்த வம்சத்து வீரராமநாதன் 13ஆம் நூற்றாண்டில் திருவரங்கத்துக்குப் பக்கத்திலிருந்த கண்ணனூரில் இருந்து ஆண்டவன். பாண்டியர்கள் அவனை அங்கிருந்து விரட்டினார்கள். தமிழ்நாட்டின் நடுப்பகுதியை இழந்தவன் வடமேற்கே ஒதுங்கி, ஓசூர்ப் பக்கத்துக் குந்தாணியைத் தலைநகராக்கிக்கொண்டான். அண்ணன் முறையுள்ள மூன்றாம் நரசிம்மன் துவாரசமுத்திரத்தில், தம்பி குந்தாணியில். ஒரே குடும்பம், இரண்டு அரசுகள், இடையில் ஓயாத பகை. தோற்றுப்போன ஓர் அரசன், தன் பரிவாரத்தோடு மேட்டு நிலத்துக்கு ஏறி வந்து, சிறிய ஊரில் பெரிய ராஜ்ஜியத்தின் சடங்குகளை விடாமல் நடத்திக்கொண்டிருக்கிற காட்சிக்காக எந்த நாவலாசிரியரும் ஏங்கத்தான் வேண்டும். சிப்காட் லாரிகள் திரும்பும் சாலைகளில் போகிறவர்களில் எத்தனை பேருக்குக் குந்தாணி ஒரு தலைநகர் என்று தெரியும்?

இன்னும் கிட்டே வந்தால் 1791. மூன்றாம் மைசூர்ப் போர். அந்த ஆண்டு ஜூலையில் கம்பெனிப் படை ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தது. (இங்கே கம்பெனி என்றால் கிழக்கிந்தியக் கம்பெனி. இன்றைய ஓசூரில் 'கம்பெனிக்குப் போறேன்' என்றால் பொருள் வேறு.) நவம்பரில் கம்பெனி அதிகாரி மாக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரிக்கு வந்தது. அடிவாரத்துப் பேட்டை விழுந்தது, மலைக்கோட்டை விழவில்லை. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் பகுதி முழுவதும் காகிதத்தில் கைமாறியபோதுதான் அந்தக் கோட்டையும் வெள்ளைக்காரர்களிடம் போனது. போர் வரலாறுகள் இதைச் சில வரிகளில் முடித்துவிடும். பேட்டையில் நெய்துகொண்டிருந்தவர், எண்ணெய் ஆட்டிக்கொண்டிருந்தவர், மேலே திப்புவின் சிப்பாய்களுக்குக் கேழ்வரகு விற்றவர் எல்லாம் பேட்டை விழுந்தபோது எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று கேட்கத் தொடங்கும் இடத்தில் நாவல் தொடங்குகிறது.

அந்த ஆட்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வழியே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1792இல் பாராமகாலுக்கு வந்த கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் ஏழு ஆண்டுகள் இந்த மண்ணை அளந்து தீர்த்தார்கள். உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை முளைவிட்டது இங்கேதான். எந்த ஊரில் என்ன விளைகிறது, எந்தச் சாதியார் என்ன தொழில் செய்கிறார்கள், எதற்கெல்லாம் வரி என்று அவர்கள் எழுதிக் குவித்தவை 'பாராமகால் ஆவணங்கள்' என்ற பெயரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சென்னை அரசு அச்சகத்தால் பகுதி பகுதியாக வெளியிடப்பட்டன. வரி வாங்க வந்தவர்களின் கண் அது. பாரபட்சம் உண்டு, அலட்சியம் உண்டு. ஆனாலும் ஒரு கதாபாத்திரம் என்ன தின்றது, என்ன உடுத்தியது, யாருக்குக் கடன்பட்டது என்று எழுதுவதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி சோழர் காலத்துக்குக்கூடக் கிடைக்காது.

இந்த ஊரில் இருந்துகொண்டே வேறு வழியில் நடந்து காட்டியவரும் உண்டு. மதுரையில் பிறந்து ஓசூரில் வாழும் பா. வெங்கடேசனின் 'தாண்டவராயன் கதை' 2008இல் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதி. மனைவி எலினாரின் கண்ணைப் பீடித்த நோய்க்கு விடை தேடும் டிரிஸ்ட்ராம் என்ற ஆங்கிலேயன், ஒரு கதையைத் துரத்திக்கொண்டு இந்தியாவுக்கு வருகிறான். மூச்சு வாங்கவிடாத நீள வாக்கியங்கள், கதைக்குள் கதை. வாரப் பத்திரிகைத் தொடரின் 'அடுத்த இதழில்' என்ற கொக்கி எங்கும் இல்லை. வாசகரை இழுத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லாதவர் மட்டுமே இப்படி எழுத முடியும். விற்பனைக் கணக்கில் அது சாண்டில்யனின் நாவல்களை எட்டாமல் இருக்கலாம். ஆனால் குதிரையிலிருந்து தமிழ்ச் சரித்திர நாவலை இறக்கிவிட்டவர்களின் வரிசையில் அவருக்கு உறுதியான இடம் இருக்கிறது. தெலுங்கு பேசும் மக்கள் தெற்கே குடிபெயர்ந்த நினைவைக் கரிசல் பேச்சில் எழுதிய கி. ராஜநாராயணன், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டிப் புதுச்சேரியை எழுதிய பிரபஞ்சன், 'காவல் கோட்டம்' எழுதிய சு. வெங்கடேசன் ஆகியோர் நிற்கும் வரிசை அது.

தனியாளாக எழுதுவது என்றால் என்ன என்பதற்கு ஹிலாரி மாண்டெலின் கதை பொருத்தம். பிரெஞ்சுப் புரட்சி பற்றிய தன் பெரிய நாவலின் கணிசமான பகுதியை அவர் எழுதியது போட்ஸ்வானாவில். பாரீஸ் ஆவணக் காப்பகம் எங்கே, ஆப்பிரிக்கச் சிற்றூர் எங்கே! கையில் இருந்த குறிப்புகளை வைத்து எழுதி முடித்தார். வெளியிட ஆள் இல்லை. அது அச்சாகி வந்தது 1992இல்தான். புக்கர் பரிசுகள் எல்லாம் பிறகு வந்தவை. கல்கிக்குச் சொந்தப் பத்திரிகை இருந்தது, ஓவியர் மணியத்தையும் கூட்டிக்கொண்டு இலங்கைக்குப் போய்ப் பார்த்துவர வசதி இருந்தது. ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பி எழுதுபவர் தன்னை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது கல்கியோடு அல்ல.

சர் வால்டர் ஸ்காட்டையும் விட்டுவிடக் கூடாது. ஹைதர் அலி காலத்து மைசூரை வைத்து அவர் 1827இல் ஒரு கதை எழுதினார். இந்தியாவை அவர் கண்ணால் கண்டதில்லை. 1821இல் அவர் எழுதிய வேறொரு நாவலின் பெயர் 'கெனில்வொர்த்'. ஓசூரில் அந்நாளைய சேலம் ஆட்சியர் பிரெட் கட்டிய மாளிகைக்கும் அதே பெயர்தான். இங்கிலாந்துக் கோட்டை ஒன்றின் சாயல். அந்த மாளிகையைப் பற்றி ஊரில் உலவும் காதல் கதைகளை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு விஷயம். நாவலாசிரியருக்கு வதந்தியும் ஆவணமே, அதை வதந்தி என்று தெரிந்து பயன்படுத்தும் வரை.

இந்த எல்லை நிலத்து எழுத்தாளருக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு பயிற்சி தானாகவே கிடைக்கிறது. காலையில் டீக்கடையில் தெலுங்கு, பேருந்தில் கன்னடம், பட்டறையில் மதுரைத் தமிழும் ஒடிசா இந்தியும். அரசர்கள் எல்லாரும் ஒரே செந்தமிழில் வசனம் பேசும் சரித்திரக் கதையை இங்கே வளர்ந்தவர் நம்பவே கூடாது. ஊருக்கு வெளியே மஞ்சள் பூசிக் கும்பிடப்படும் வேடியப்பன் பல இடங்களில் ஒரு நடுகல்தான். மாடுகளை மீட்கப் போய்ச் செத்தவனின் கல்; தொறு மீட்டுப் பட்டான் என்ற சேதி அதில் இருக்கும். ஆயிரம் ஆண்டு தாண்டியும் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கும் அந்த வீரனுக்குப் பட்டமும் இல்லை, வம்ச வரலாறும் இல்லை. எருது விடும் விழாவுக்குக் கூட்டம் கூடும் ஊரில் மாட்டுக்காகச் செத்தவனை நாயகனாக்க ஒரு சோழ இளவரசன் அனுமதிக்க வேண்டியதில்லை.

இவ்வளவு கதை கிடந்தும் எழுதப்படவில்லை என்றால், குறை எங்கே இருக்கிறது? கற்பனையில் அல்ல, கைக்கு எட்டும் தூரத்தில் புத்தகம் இல்லாததில். முதல் தமிழ் வரலாற்று நாவலாகக் கருதப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் எழுதிய திருகோணமலை சரவணமுத்துப் பிள்ளை, சென்னையில் நூலகராக வேலை பார்த்தவர். தற்செயல் என்று தோன்றவில்லை. ஓசூரிலிருந்து எழுதுபவர் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போக 300 கிலோமீட்டருக்கு மேல் பயணிக்க வேண்டும். அது திறந்திருக்கும் நாளில் அவருக்கு விடுமுறை இருக்காது. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது தமிழகமே மகிழ்ந்தது, நியாயமாகவே. ஆனால் ஓசூர்க்காரருக்கு மைசூர்தான் கிட்டம்! எல்லைக்கு அந்தப் பக்கமும் அவருக்கு வேலை இருக்கிறது: லூயிஸ் ரைஸ் 1905இல் வெளியிட்ட பெங்களூர், கோலார் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகளில் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். இணையத்தில் தமிழ் மின்நூலகம் செய்திருப்பது பெரிய உதவி. ஆனால் பாராமகால் ஆவணங்களைத் தமிழில் படிக்க வழியில்லாதவருக்கு, கம்பெனி ஆங்கிலத்தின் வருவாய்த்துறைச் சொற்களே பாதி உற்சாகத்தைக் குடித்துவிடும்.

2022இல் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டபோது மாவட்டமே தலை நிமிர்ந்தது. அந்தப் பெருமிதத்தில் கொஞ்சத்தை அலமாரியாக மாற்றலாம். ஓசூரில் ஒரு வரலாற்று வாசிப்பறை: பாராமகால் ஆவணங்களின் முழுத் தொகுதியும் அதன் தமிழாக்கமும், தொல்லியல் துறையின் 'தருமபுரிக் கல்வெட்டுகள்', ரைஸின் தொகுதிகள், மூன்று மொழிகளும் தெரிந்த ஒரு நூலகர். ஞாயிற்றுக்கிழமையும் இரவு பத்து மணி வரையும் திறந்திருக்க வேண்டும். இதற்கு அரசுப் பணத்தை மட்டும் நம்பிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் தங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எவற்றுக்குச் செலவிடலாம் என்று அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை சொல்லும் பட்டியலில் பொது நூலகம் அமைப்பதும் வெளிப்படையாக இருக்கிறது. வாகனமும் கைக்கடிகாரமும் செய்து உலகுக்கு அனுப்பும் ஓசூரில், அந்த விதிக்கு உட்படும் நிறுவனங்களுக்குப் பஞ்சம் இல்லை.