தூசி பைப்பில் கஞ்சத்தனம் வேண்டாம்!

வீட்டுக்காரருக்கு மர வேலையில் ஆசை இருந்தால் வீட்டுக்கு லாபம்தான். ஸ்டூல், அலமாரி, பூஜை மாடம் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். கூடவே தூசியும் வந்து சேருமே, அதற்கு என்ன செய்வது?

"கார் ஷெட்டில் ரம்பம், இழைப்பு மெஷின் எல்லாம் போட்டிருக்கிறார். தூசி உறிஞ்சும் மெஷினும் வாங்கியாச்சு. ஆனாலும் அரிசி மாவு தூவினாற்போல எங்கும் தூள் படிகிறது. சின்னவனுக்கு இருமல் நிற்கவில்லை. மெஷின் கோளாறா?" என்று ஒரு சகோதரி கேட்டார். முதலில் பையனை டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அப்புறம் பைப்பைப் பார்க்கச் சொன்னேன். பல வீடுகளில் குற்றம் மெஷினில் இல்லை, பைப்பில்தான்.

தரையில் விழும் சுருளும் தூளும் பெருக்கினால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தூள்தான் மணிக்கணக்கில் காற்றில் மிதந்து நெஞ்சுக்குள் போகிறது. தேக்கு, ஈட்டி மரத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும், தும்மலும், மூச்சிரைப்பும் உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. பயமுறுத்தச் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். ஆனால் அசட்டையாக இருக்கவும் கூடாது, இல்லையா?

எத்தனை அங்குலம்?

வீடு பெருக்கும் வாக்குவம் கிளீனர் மெல்லிய குழாயிலும் பலமாக இழுக்கும். பட்டறையில் வைக்கும் பெரிய தூசி மெஷின் அப்படியில்லை. அது சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு அக்கா மாதிரி. நிறையக் காற்றை இழுக்கும், ஆனால் வழி குறுகலாக இருந்தால் திணறிப் போகும்.

நம்ம வீட்டுக் கணக்கே போதும். 4 அங்குல பைப்புக்கு நாலு நாலு பதினாறு. 6 அங்குலத்துக்கு ஆறு ஆறு முப்பத்தாறு. 2 அங்குலம்தான் கூடுதல், ஆனால் காற்று போகும் வழி இரண்டே கால் மடங்கு! தூள் படியாமல் ஓட, காற்று நிமிஷத்துக்குச் சுமார் 4,000 அடி வேகத்தில் போக வேண்டும். அந்த வேகத்தில் 4 அங்குலத்தில் சுமார் 350 கன அடி காற்றுதான் போகும். 6 அங்குலத்தில் 785 கன அடி போகும். அதற்காக மெஷினின் சக்திக்கு மீறி அகலமாகவும் போடாதீர்கள். காற்று மந்தமாகி, தூள் வழியிலேயே தங்கிவிடும். மெஷினின் வாய் எத்தனை அங்குலமோ, அதே அளவில் மெயின் பைப் போடுவது நல்லது.

எந்த பைப்?

பி.வி.சி. பைப் எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். உள்ளே வழவழப்பு, அறுப்பதும் சுலபம். கடையில் 110 மில்லி என்றால் சுமார் 4 அங்குலம், 160 மில்லி என்றால் சுமார் 6 அங்குலம். ஒரே குறை, தூள் உரசி ஓடுவதால் மின்னேற்றம் உண்டாகி, தொட்டால் சுளீர் என்னும். வெளியே செப்புக் கம்பி சுற்றி எர்த் கொடுத்தால் ஓரளவு குறையும்.

ஜி.ஐ. தகடு பைப்புக்கு எர்த் கொடுப்பது சுலபம், நீடித்து உழைக்கும். 26 கேஜை விட மெல்லிய தகடு வேண்டாம். இழுப்பில் சப்பிப் போகலாம். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெல்லியது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாஷிங் மெஷின் குழாய் போல் நெளிநெளியாக வளையும் பைப் விலை குறைவு, மாட்டுவதும் சுலபம். ஆனால் ஒவ்வொரு நெளிவும் காற்றைத் தடுக்கும். ரம்பத்துக்கும் மெயின் பைப்புக்கும் நடுவில் இரண்டு மூன்று அடிக்கு மேல் வேண்டாம்.

மாட்டும் போது

பைப்பை எவ்வளவு நேராக, எவ்வளவு குட்டையாகப் போட முடியுமோ அவ்வளவு நல்லது. திருப்பத்தில் ஒரே 90 டிகிரி பெண்டுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி பெண்டு போடச் சொல்லுங்கள். கிளை பிரிகிற இடத்தில் 'டீ' வேண்டாம், 'ஒய்' போடுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தடுப்புத் தகடு வேண்டும். ஓடுகிற மெஷினுக்கு மட்டும் திறந்து, மற்றதை மூடிவிடணும். இணைப்புகளைப் பசை போட்டு ஒட்டாமல் டேப் சுற்றினால், அடைத்துக்கொள்ளும் போது கழற்றலாம். ஆணி, இரும்புத் துகள் உள்ளே போகக் கூடாது, தீப்பொறி ஆபத்து. இரும்பு தீட்டும் கிரைண்டரை இந்த பைப்பில் சேர்க்கவே கூடாது.

சாதாரணத் துணிப் பை மெல்லிய தூளைத் திரும்ப வெளியே விட்டுவிடும். நல்ல ஃபில்டர் போடுங்கள். பையை வெளியே கொண்டுபோய், முகமூடி கட்டிக்கொண்டு உதறுங்கள். வேலை நடக்கும் போதும், முடிந்த பிறகு கொஞ்ச நேரமும் குழந்தைகளை உள்ளே விடாதீர்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு ஒரு பரீட்சை. இரவில் ஷெட் விளக்கை அணைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சத்தில் தூள் மினுமினுவென்று மிதந்தால் இன்னும் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

"பைப்புக்கு இவ்வளவு செலவா?" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டால், "ரம்பத்தை அடுத்த வருஷம் வாங்கிக்கலாங்க, குழந்தை மூச்சு இந்த வருஷமே வேணும்" என்று சொல்லிவிடுங்கள்!