செவிலியர் முதுகும் அறப்பணியின் அளவுகோலும்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை நிறைவு செய்யும் வள்ளுவர், மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றார். நோயாளி, மருத்துவர், மருந்து என மூன்றோடு நிறுத்திவிடாமல், நோயாளியின் அருகிருந்து பணிபுரியும் 'உழைச்செல்வான்' என்பவரையும் ஒரு கூறாக வைத்தது அப்பெருந்தகையின் நுண்ணறிவைக் காட்டும். இஸ்லாமிய வரலாற்றிலும் இப்பணிக்குத் தனிச்சிறப்பு உண்டு. கி.பி. 627இல் நிகழ்ந்த அகழ்ப்போரில் காயமுற்ற தோழரைத் தம் கூடாரத்தில் வைத்துப் பேணிய ருஃபைதா (ரலி) அம்மையாரை இன்றும் நன்றியோடு நினைவுகூர்கின்றோம்.

செவிலியரைப் போற்றுவதில் நாம் குறை வைப்பதில்லை. 'வெண்ணிற ஆடை தேவதைகள்' என மேடைதோறும் புகழ்கின்றோம். ஆயினும் அந்தத் தேவதைகளுக்கும் எலும்பும் தசையும் உண்டென்பதை மறந்துவிடுகின்றோம்.

கண்ட காட்சி

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் இடுப்பெலும்பு முறிந்து, அறக்கட்டளை மருத்துவமனை ஒன்றில் மூன்று வாரம் படுத்திருந்தார். படுக்கைப்புண் வாராதிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும். இரவில் அக்கூடம் முழுமைக்கும் இருந்தவர் ஒரே ஒரு செவிலியர். முப்பது வயதைத் தாண்டாத அப்பெண், சீருடைக்கு மேல் இடுப்புப் பட்டை அணிந்திருந்தார். காரணம் வினவினேன். "ஐந்து வருடமாக முதுகுவலி ஐயா. வெளியே சொன்னால் வேலைக்கு ஆகாதவள் என்று அனுப்பிவிடுவார்கள்" என்றார்.

அக்கூடத்தின் கோடியில், நோயாளியைத் தூக்கி இடம் மாற்றும் கருவி ஒன்று தூசி படிந்து நின்றது. அதன்மேல் நன்கொடையாளர் பெயர் பொறித்த தகடு மட்டும் பளபளத்தது. ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டேன். கருவியின் கால்கள் அங்குள்ள கட்டில்களின் அடியில் நுழையவில்லையாம். நோயாளியைத் தாங்கும் தொங்கல் துணி கிழிந்தபின் மாற்றுத் துணி வாங்கவும் இல்லையாம். அவ்வாண்டு அறிக்கையிலோ, 'கருவி வழங்கப்பட்டது' என்னும் செய்தி வண்ணப்படத்தோடு இடம்பெற்றிருந்தது. திட்டம் வெற்றி, செவிலியருக்கோ முதுகுவலி! இம்முரண்பாடே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

சுமையின் இயல்பு

மூட்டை தூக்கும் தொழிலாளியின் சுமைக்கு ஒரு வடிவம் உண்டு. பற்றிக்கொள்ள இடமும் உண்டு. நோயாளியின் உடலுக்கு அவ்வசதி இல்லை. வலியால் துடித்துத் திடீரெனச் சாயும். கையும் காலும் துவண்டு தொங்கும். உயரத்தை மாற்ற இயலாத கட்டிலின்மீது குனிந்து, கைகளை முன்னே நீட்டித் தூக்கும்போது, தூக்கும் எடையைப் போலப் பன்மடங்கு அழுத்தம் அடிமுதுகின் எலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டுகளின்மேல் விழுகின்றது. ஒருநாள் தூக்கியதால் மட்டும் வட்டு சிதைவதில்லை. நாள்தோறும் பலமுறை தொடரும் சுமையே அதனைத் தேய்க்கின்றது.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வாளரான தாமஸ் வாட்டர்ஸ், நோயாளியைக் கையால் தூக்கும்போது தாங்கத்தக்க எல்லை 35 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 கிலோ என 2007இல் பரிந்துரைத்தார். அதுவும் சூழ்நிலை சாதகமாக இருந்தால் மட்டுமே. அறுபது கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு காலே பத்துக் கிலோவை நெருங்கும் என்பதை எண்ணினால், முழு உடலையும் தனி ஒருவர் புரட்டுவது எத்தகைய கொடுமை என்பது விளங்கும். இருவர் சேர்ந்து தூக்கினாலும் ஆபத்து நீங்குவதில்லை என்பதை ஒஹையோ அரசுப் பல்கலைக்கழக ஆய்வு 1999இல் காட்டியது.

வகுப்பு நடத்தினால் போதுமா?

"செவிலியருக்குச் சரியாகத் தூக்கக் கற்றுக்கொடுத்தால் போதும்" என்பர் சிலர். அவ்வெண்ணத்தில் உலகெங்கும் பயிற்சி முகாம்கள் நடந்தன. ஆனால், 2008இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, தூக்கும் முறை பற்றிய பயிற்சியைக் கருவியோடு தந்தாலும் கருவியின்றித் தந்தாலும், அது முதுகுவலியைத் தடுத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என உரைத்தது. 'இருநூறு பேருக்குப் பயிற்சி அளித்தோம்' என்று அறிக்கை எழுதும் எவரும் இவ்வுண்மையை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பயிற்சி வீண் என்பது இதன் பொருளன்று; பயிற்சி மட்டும் போதாது என்பதே பொருள். அமெரிக்கப் படைவீரர் நல மருத்துவமனைகளில் 23 பிரிவுகளில் நடந்த ஒரு முயற்சி இங்கே கருதத்தக்கது. எந்தக் கூடத்தில் எவ்வகை நோயாளிகள் உள்ளனர் என முதலில் ஆராய்ந்தனர். அதற்கேற்ற கருவிகளை வைத்தனர். பணியாளர்களுள் ஒருவரையே வழிகாட்டியாக அமர்த்தினர். கையால் தூக்குவதைக் குறைப்பதை நிர்வாகத்தின் கொள்கையாகவே ஆக்கினர். எல்லாவற்றுக்கும் மேலாக, திட்டத்துக்கு முன்னும் பின்னும் நேர்ந்த காயங்களை எண்ணி ஒப்பிட்டனர். காயங்கள் குறைந்தன என்னும் செய்தி 2006இல் வெளியாயிற்று. குறைந்தன என்று அவர்களால் கூற முடிந்தது, முன்னரே எண்ணி வைத்திருந்தமையால் அன்றோ!

எண்ணிக்கை அறத்துக்குப் பகையா?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "அறம் செய்வதில் கணக்கு எதற்கு? நிய்யத்துத் தூயதாயின் போதாதா?" எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். வினா மதிக்கத்தக்கதே. ஆனால் நிய்யத்து என்பது கொடுப்பவருக்கும் இறைவனுக்கும் இடையிலானது. கொடுத்த பொருள் சேரவேண்டியவரைச் சேர்ந்ததா, அவர் துயர் தீர்ந்ததா என்பது பெறுபவரின் உரிமை. நன்கொடை நம் கையில் உள்ள அமானிதம். வக்ஃபுச் சொத்துக்கு முத்தவல்லியை நியமித்து, வரவு செலவைக் கேட்கும் மரபு நம்மிடையே தொன்றுதொட்டு உள்ளது. ஒரு செயலில் இழப்பது எது, பெறுவது எது, பின்னால் விளையும் ஊதியம் எது என எண்ணித் தொடங்குமாறு வள்ளுவரும் 'தெரிந்து செயல்வகை'யில் அறிவுறுத்துகின்றார்.

செவிலியர் குலத்தின் முன்னோடியான ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் விளக்கேந்தியவர் என்பதை எல்லோரும் அறிவோம். அவர் கணக்கேந்தியவர் என்பதைப் பலர் அறியோம். கிரிமியப் போரில் படைவீரர் பலர் காயத்தால் அன்றி, தடுக்கக்கூடிய நோய்களால் மாண்டதை 1858இல் வரைபடங்களால் அவர் மெய்ப்பித்தார். லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரும் அவரே. அவருடைய கருணைக்குக் கண்ணாக அமைந்தது எண்ணிக்கை.

செய்யத்தக்கன

ஒரு திட்டத்தில் நாம் இட்ட பொருள் வேறு. அதனால் நடந்த வேலை வேறு. மக்கள் வாழ்வில் விளைந்த மாற்றம் வேறு. கருவி வாங்கியது முதலாவது. வகுப்பு நடத்தியது இரண்டாவது. செவிலியர் வலியின்றி உறங்குவது மூன்றாவது. நம் அறிக்கைகள் பெரும்பாலும் இரண்டோடு நின்றுவிடுகின்றன.

மூன்றாவதை அளக்கப் பெருஞ்செலவு வேண்டா. ஒரு குறிப்பேடு போதும். திட்டம் தொடங்குமுன் செவிலியர் ஒவ்வொருவரிடமும் நான்கு வினாக்கள் கேட்கலாம். சென்ற மாதத்தில் எத்தனை நாள் முதுகுவலி இருந்தது? அதனால் எத்தனை நாள் விடுப்பு எடுத்தீர்? நோயாளியைத் தனியாக எத்தனை முறை தூக்கினீர்? கருவியை எத்தனை முறை பயன்படுத்தினீர்? ஆறு மாதம் கழித்தும், ஓராண்டு கழித்தும் அதே வினாக்களைக் கேட்டு ஒப்பிட வேண்டும்.

பெயர் எழுதாமல் விடை பெறுதல் இன்றியமையாதது. வலியைச் சொன்னால் வேலை போகும் என்னும் அச்சம் உள்ள இடத்தில் உண்மை வெளிவாராது. முதல் ஆறு மாதத்தில் வலி கூறுவோர் தொகை கூடினும் கலங்குதல் வேண்டா. அடக்கி வைத்திருந்தவர் வாய்திறக்கத் தொடங்கியதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். ஓராண்டுக்குப் பின்னும் மாற்றம் இல்லையெனில், 'திட்டம் பயன்தரவில்லை' என்று அறிக்கையில் அச்சிடும் துணிவும் வேண்டும். அவ்வொரு வரி, அடுத்த ஊரின் அறக்கட்டளை அதே தவற்றில் பொருளை இழக்காமல் காக்கும்.

பணியாளர்மீது அவர்தம் ஆற்றலை மீறிய சுமையை ஏற்றலாகாது என்பதும், ஏற்ற நேர்ந்தால் நாமும் கைகொடுத்தல் வேண்டும் என்பதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. மருத்துவமனை நடத்தும் பெருமக்கள் அடுத்த ஆண்டறிக்கையை எழுதுமுன், இரவுப் பணியில் இருக்கும் ஒரு செவிலியரை அழைத்து, "உன் முதுகு எப்படி இருக்கிறதம்மா?" என்று கேட்பார்களாக. அறிக்கையின் முதற்பக்கத்தில் நன்கொடையாளர் படத்துக்கு மேலே அந்த விடை அச்சாகும் நாளில், நம் அறப்பணி நிறைவு பெறும். அதற்கு வல்ல இறைவன் அருள்புரிவானாக!