அஞ்சு ஸ்டாரும் தாத்தா மடியும்

வலங்கைமான் பக்கம் யார் வீட்ல புதுக்கார் வந்தாலும் எலுமிச்சம்பழம் நசுங்கறதுக்கு முன்னாடியே காதுல விழறது, "அஞ்சு ஸ்டாராம்ல!" சந்தோஷம். ஆனா அந்த ஸ்டிக்கரை யாராவது முழுசா படிச்சீங்களா மக்களே?

2023 அக்டோபர்ல அமலுக்கு வந்த பாரத் என்கேப் ஸ்டிக்கர்ல நட்சத்திர வரிசை ரெண்டு. ஒண்ணு பெரியவங்களுக்கு, இன்னொண்ணு குழந்தைகளுக்கு. கூடவே ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் பண்ணா ரிப்போர்ட் வரும். (பொட்டி தட்டறவன் புத்தி, எனக்கு ரிசல்ட்டை விட டெஸ்ட் கேஸ்தான் முக்கியம்.)

மணிக்கு 64 கி.மீ. வேகத்துல, முகப்புல 40 சதவீதம் மட்டும் ஒரு தடுப்புல மோத விடறாங்க. கிட்டத்தட்ட அதே எடை உள்ள இன்னொரு கார் எதிர்ல வந்து மோதற கணக்கு அது. கும்பகோணம் - மன்னார்குடி ரோட்ல நமக்கு எதிர்ல வர்றது பஸ்ஸும் நெல்லு லாரியும்.

குழந்தை ஸ்டார் கதை இன்னும் மோசம். ஒன்றரை வயசு, மூணு வயசு பொம்மைகளைப் பின்சீட்ல, குழந்தைகளுக்கான தனி சீட்ல கட்டி வச்சு எடுத்த மார்க் அது. நம்மூர்ல? முன்சீட்ல தாத்தா மடி. தாத்தாவுக்கே பெல்ட் கிடையாது. ஏர்பேக் விரியற இடத்துல நேரா பிள்ளையோட தலை. இதுக்கு எவனும் ஸ்டார் கொடுக்கலை சாமி!

சொன்னா சிரிக்கறாங்க. செத்துப் பிழைச்சவங்க மாரியம்மனுக்குப் பாடைக்காவடி எடுக்கற ஊர், அந்தத் தைரியமோ என்னமோ :-(

சன்ரூஃபுக்காகவே மேல் மாடல் எடுக்கறவங்களுக்குக் குழந்தை சீட்டுன்னா மட்டும் தண்டச்செலவு. ஷோரூம்ல பேரம் பேசறப்ப மேட்டு, சீட் கவரையெல்லாம் விட்டுட்டு அதைக் கேளுங்க. பின்சீட் இடுக்குல ஐஸோஃபிக்ஸ் கொக்கி இருக்கான்னு அப்பவே விரலை விட்டுப் பார்த்துடுங்க.