பேச்சியம்மாள் என்று கூப்பிட வெட்கமா?

பிள்ளைக்குப் பெயர் வைப்பது அவரவர் வீட்டு விஷயம், அதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். பெயர் வைக்கும் உரிமை பெற்றவர்களுடையது. அதில் கைவைக்க எவருக்கும் அதிகாரமில்லை. ஆனால் வீட்டிலிருக்கும் ஒரு பெயரை நாம் ஒதுக்குவதற்கான காரணம் வீட்டுக்கு வெளியேயிருந்து வருமானால், அதைப் பற்றிப் பேசுவது சங்கத்தின் கடமை.

தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், செம்பூர் சீத்தா கேம்ப்பிலும் இன்று நம் வீடுகளில் பெண் குழந்தை பிறந்தால் என்ன நடக்கிறது? சோதிடர் நட்சத்திர எழுத்தைக் கொடுக்கிறார். எண் கணிதக்காரர் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்கிறார். இளைஞர்கள் செல்போனில் தேடி, 'ஷ'வும் 'ஹ'வும் கலந்த ஒரு பெயரைக் கண்டெடுக்கிறார்கள். பொருள் என்ன என்று கேட்டால் தாய்க்கும் தெரியாது, தகப்பனுக்கும் தெரியாது. ஊரிலிருக்கும் ஆச்சியின் பெயரை வைக்கலாமே என்று யாராவது வாய் திறந்தால், "ஐயோ, பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்களே!" என்ற பதில் வருகிறது.

யார் சிரிப்பார்கள்? ஏன் சிரிப்பார்கள்? அந்தச் சிரிப்புக்கு நாம் ஏன் பயப்படுகிறோம்?

பேத்தி என்றால் பெயர்த்தி

நம் மொழியில் பேரன் என்ற சொல் பெயரன் என்பதிலிருந்து வந்தது. பேத்தி என்பது பெயர்த்தி. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குகிறவர்கள் என்று பொருள். உறவுமுறைச் சொல்லிலேயே இந்த வழக்கத்தை வைத்திருக்கும் இனம் நாம். அப்படியிருக்க, பெயரைக் கொடுக்காமல் பெயர்த்தி என்று மட்டும் கூப்பிடுகிறோம்.

அந்தப் பெயர்கள் யாருடையவை? பேச்சியம்மாள், இசக்கியம்மாள், முத்தம்மாள், வள்ளியம்மாள். பேச்சி என்பவள் பிரசவத்தையும் பச்சிளங் குழந்தையையும் காப்பவள் என்று நெல்லைச் சீமையில் நம்புகிறார்கள். சாமியை நம்பாதவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள்: அந்தப் பெயரைத் தாங்கிய பெண்கள்தாம் இந்த நகரத்தில் நம்மைக் காப்பாற்றியவர்கள். கணவன் தோல் பதனிடும் பட்டறையிலோ பஞ்சாலையிலோ உழைக்க, விடியுமுன் எழுந்து இட்லி அவித்துத் தலைச்சுமையாக விற்றவர்கள் அவர்கள். அப்பளம் இட்டார்கள், அடுத்தவர் வீட்டில் பாத்திரம் துலக்கினார்கள். 1966-க்குப் பின் தென்னிந்தியரே வெளியேறுங்கள் என்ற முழக்கம் இந்நகரில் எழுந்தபோதும் குடிசையை விட்டு அகலாமல் நின்றார்கள். முதல் ரேசன் கார்டிலும் முதல் வாக்காளர் பட்டியலிலும் ஏறியவை அந்தப் பெயர்களே. அவர்கள் பிடித்துக் கொடுத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் பெயரை மட்டும் வேண்டாம் என்கிறோம்!

மராட்டியரைப் பாருங்கள்

புனேயில் 1848-இல் பெண்களுக்காகப் பள்ளி நடத்தியவர் சாவித்திரிபாய் புலே. 2014-இல் புனேப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். நம் 'அம்மாள்' எப்படியோ அப்படித்தான் அவர்களுக்குப் 'பாய்'. பழைய காலத்து விகுதி என்று அதை யாரும் வெட்டவில்லை. காட்கோபரில் ரமாபாய் அம்பேத்கர் நகர் என்று உழைக்கும் மக்கள் தங்கள் குடியிருப்புக்கே பெயரிட்டு நிமிர்ந்து நிற்கிறார்கள். அண்டை வீட்டாருக்கு இருக்கும் அந்தத் தெம்பு நமக்கு ஏன் இல்லை?

நமக்கும் முன்னோடி உண்டு. அவளும் நம்மைப் போலப் பிழைக்கப் போன குடும்பத்தின் பெண்தான். தில்லையாடி வள்ளியம்மை 1898-இல் பிறந்தது தஞ்சைச் சீமையில் அல்ல, ஜோகன்னஸ்பர்க்கில். 1913-இல் தென்னாப்பிரிக்க அரசை எதிர்த்துக் காந்தி நடத்திய அறப்போரில் இறங்கிச் சிறை சென்றாள். நோயோடு வெளியே வந்தவள் 1914 பிப்ரவரி 22 அன்று, 16 வயதில் இறந்தாள். கடல் கடந்து போன இடத்தில் பெற்றோர் வைத்த அந்தப் பழைய பெயர் அவளுக்கு எந்த விதத்தில் குறையாயிற்று? இந்திய அரசு 2008-இல் அதே பெயரை அஞ்சல் தலையில் அச்சிட்டது.

எல்லாப் பழசும் பொன்னல்ல

பழையது என்பதற்காகவே ஒரு பெயரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆண் பிள்ளையை எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் பெண்ணுக்கு 'வேண்டாம்', 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்தார்கள். அது பெயரல்ல, பிறந்த அன்றே கொடுத்த தண்டனை. அந்த வழக்கம் அழியட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களின் பெண்களுக்கு 'அம்மாள்' என்ற மரியாதையைக்கூடத் தர மறுத்த ஊர்கள் உண்டு. அந்த இழிவை ஊரிலேயே விட்டுவிட்டு இங்கே வந்து, தமிழரசி என்றும் அறிவுக்கொடி என்றும் மகளுக்குப் பெயர் சூட்டிய தகப்பனை நாம் வணங்குகிறோம். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னாலுள்ள சாதிப் பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானித்ததும் இதே தன்மானத்துக்காகத்தான்.

ஆகவே எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு அளவுகோல் ஒன்றுதான். அந்தப் பெயர் அன்பால் வந்ததா, அவமானத்தால் வந்ததா? அன்பால் வந்ததை அடுத்தவன் சிரிப்புக்காக விடாதீர்கள். அவமானத்தால் வந்ததைப் பழமைக்காகச் சுமக்காதீர்கள். முடிவெடுக்கும்போது பெற்ற தாயைக் கேளுங்கள். மாமியார் பெயரா, அம்மா பெயரா என்று ஆண்கள் மட்டும் கூடிப் பேசி முடிப்பது நியாயமாகாது.

பதிவேட்டில் கவனம்

"வடவர் வாயில் நுழையாதே" என்பவர்களுக்கு ஒரு செய்தி. மராத்தியில் 'ள' உண்டு. வள்ளி என்ற பெயரை மராத்தி ஆசிரியை திருத்தமாகவே சொல்வார். 'ழ' இருந்தால்தான் சற்றுச் சிரமம். அதையும் இரண்டு முறை சொல்லிக் கொடுத்தால் வந்துவிடும். அவர்கள் பெயர்களை நாம் கற்றுக்கொள்ளவில்லையா? நீளமாகத் தோன்றினால் வீட்டில் பேச்சி என்றோ முத்து என்றோ கூப்பிடுங்கள். ஏட்டில் முழுப்பெயர் இருக்கட்டும்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். பெயரைப் பிறகு சேர்க்கலாம். 12 மாதத்துக்குள் அதற்குக் கட்டணமில்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், அரசு வேலை அனைத்துக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். எண் கணிதத்துக்காக அங்கே ஓர் எழுத்தும் ஆதார் அட்டையில் வேறோர் எழுத்துமாகப் போட்டால், பிறகு ஆபீஸ் ஆபீஸாக அலைவது நீங்கள்தான்; எண் கணிதக்காரர் கூட வரமாட்டார். குடும்பப் பெயர் எங்கே என்று குமாஸ்தா கேட்டால் சாதிப் பட்டத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். முன்னோர் உதறியதை நாம் மும்பையில் மறுபடி ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

2024 மே 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்கு மகாராட்டிர அரசின் ஆவணங்களில் குழந்தையின் பெயரை அடுத்துத் தாயின் பெயர், அதன் பிறகே தந்தையின் பெயர். ஆக, நீங்கள் மறைக்க நினைத்தாலும் இசக்கியம்மாளும் முத்தம்மாளும் இனி ஏடேறத்தான் போகிறார்கள். தாய்மார்களே, அந்தக் கட்டத்தில் உங்கள் பெயரைச் சுருக்காமல், மாற்றாமல், முழுதாக எழுதுங்கள்!

பெயர் மட்டும் சோறு போடாது, நாமறிவோம். பேச்சியம்மாள் என்று பெயர் வைத்துவிட்டு எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டால் அது ஆச்சிக்குச் செய்யும் மரியாதையல்ல. ஆச்சி கைநாட்டு வைத்த பெயரைப் பேத்தி தமிழிலும் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் கையெழுத்தாகப் போட வேண்டும். அப்பெயர் வருகைப் பதிவேட்டில், கல்லூரிப் பட்டத்தில், வேலை உத்தரவில் ஏற வேண்டும். அன்றைக்கு எவர் சிரிக்கிறார்கள், பார்ப்போம்!